கல் நீலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக நீர்வண்ணத்தில் வரைகிறேன். அசல் லாபிஸ் லசூலி கல்லை அரைத்துச் செய்த நீலம், ஒரு சின்ன வில்லை வாங்கினேன். விலையைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. தாளில் தீற்றினால் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. என்னிடமுள்ள மலிவான செயற்கை அல்ட்ராமரின் நீலம் இதைவிடப் பளிச்சென்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? எலுமிச்சைச் சாறு விட்டால் தெரியும் என்கிறார் தோழி.

வாசுகி

அன்புள்ள வாசுகி,

அசலாகத்தான் இருக்கும். ஏமாற்றுகிறவர் பளிச்சென்ற செயற்கை நீலத்தை அல்லவா நிரப்பிக் கொடுத்திருப்பார்?

எலுமிச்சை வேண்டாம். அசலும் செயற்கையும் அமிலம் பட்டால் வெளுப்பவைதான். இரண்டுக்கும் நிறம் தருவது ஒரே கந்தகம்.

லாபிஸில் நீலம் லசுரைட் என்ற கனிமத்துக்கு மட்டும்தான். கூடவே வெள்ளைக் கால்சைட்டும் பொன்னாக மினுங்கும் பைரைட்டும் கிடக்கும். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் கல் என்று சொல்லி விற்ற ஒரு துண்டை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு கல்வத்தில் இரண்டு மணி நேரம் அரைத்திருக்கிறேன். கல்லாக இருந்தவரை ராத்திரி வானம். பொடியானதும் திருநீற்றில் சொட்டு நீலம் சிந்தியது போல ஆகிவிட்டது.

இதற்கு வழியை 1400 வாக்கிலேயே இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிவைத்தார். பொடியைப் பைன் பிசின், மாஸ்டிக் என்ற மரப்பிசின், மெழுகோடு சேர்த்து உருண்டையாக்கி, சில நாள் ஊறப்போட்டு, சாம்பல் காரநீருக்குள் குச்சிகளால் பிசைய வேண்டும். நீலம் நீரில் இறங்கும், கசடு உருண்டையிலேயே தங்கும். முதல் பிசைவில் வருவதுதான் உயர்ந்தது. போகப் போக வெளிறி, கடைசியில் வருவதற்குப் பெயரே அல்ட்ராமரின் சாம்பல். உங்கள் வில்லை அந்தக் கடைசிப் பக்கத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

செயற்கை நீலம் 1820களில் பிரான்சில் வந்தது. துகள் பொடிசு, எல்லாம் ஒரே அளவு, அதனால்தான் அந்த அடர்த்தி. வேட்டிக்குப் போட்ட பழைய நீலப் பொடியும் அதேதான். கல் நீலத்தின் துகள்கள் பெரிதும் சிறிதுமாக, முனை முனையாக இருக்கும். அடர்த்தியில் அதனோடு இது போட்டியிடவே முடியாது.

சொரசொரப்பான தாளை நன்றாக நனைத்து, ஒரே தீற்றில் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். தாளின் குழிகளில் துகள் தானாக இறங்கும். தூரத்து மலை, விடிகாலை மூட்டம் இதற்குத்தான் இது. அடர்த்தி வேண்டுமென்றால் காயவிட்டு மேலே இன்னொரு பூச்சு, தேய்க்காமல். தேய்த்தால் கீழே இருப்பதும் பெயர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு முறையும் தூரிகையால் கலக்கி எடுங்கள், கனமான துகள் அடியில் தங்கிவிடும்.

தட்டில் மிஞ்சியதைக் கழுவிவிடாதீர்கள். அப்படியே காயட்டும், நாளை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும்.