பொம்மை செய்து இயற்பியல் சொல்லித் தருவது: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆறாம் வகுப்புக்கு முதலில் எந்தப் பொம்மை?

பதில்: ரப்பர் பேண்ட் கார், அதாவது சக்கர அச்சில் சுற்றிய ரப்பர் அவிழும்போது ஓடும் கார். அச்சு தடிமனாக இருந்தால் முறுக்குவிசை (சுழற்றும் விசை) கூடும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ரப்பர் அதிக நீளம் அவிழ்ந்துவிடும், அதனால் கார் வெடுக்கென்று கிளம்பிச் சீக்கிரமே உந்துதலை இழக்கும். மெல்லிய அச்சு என்றால் சுற்றுகள் அதிகம், ஆனால் கார் நகராமலே நின்றுவிடலாம். ஒன்று கூடினால் ஒன்று குறைகிறது பாருங்கள், வடிவமைப்பு என்பதே இந்தப் பேரம்தான். எந்த அச்சு அதிகத் தூரம் போகும் என்று பிள்ளைகளை முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள், அப்புறம் ஓட்டட்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

கேள்வி: கைப்பிடியைச் சுற்றினால் பறவை ஏறி இறங்கும் பொம்மை செய்தோம். கேம், அதாவது கைப்பிடியோடு சுற்றிப் பறவையின் குச்சியை ஏற்றி இறக்கும் தகடு, பாதியில் சிக்குகிறது அண்ணா, தேய்த்து எண்ணெய் விட்டும் பார்த்தாச்சு.

பதில்: எண்ணெய் இதற்குப் போதாது. கேமின் ஏற்றம் செங்குத்தாக இருந்தால் அது குச்சியை மேலே தூக்குவதைவிடப் பக்கவாட்டில்தான் தள்ளும். பறவை அதே உயரம் ஏறட்டும், கேமை மட்டும் பெரிதாக வெட்டுங்கள், சரிவு தணியும். குச்சி நுழையும் துளையையும் பாருங்கள். வெறும் அட்டையில் போட்ட துளை என்றால் குச்சி சாய்ந்து இறுகிக்கொள்ளும், குச்சித் தடிமனைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளமான குழாய் வையுங்கள். ஆனால் நீங்களே சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். சிக்கும் இடத்தில் நிறுத்தி, குச்சி எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்று பிள்ளையே விரலால் தொட்டுச் சொல்லட்டும். விசைக்குத் திசை உண்டு என்பது அப்போது கையிலேயே தெரியும்.

கேள்வி: 10 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தைச் சுற்றினால்?

பதில்: வேகம் நாலில் ஒரு பங்கு. உராய்வை விட்டுவிட்டால் முறுக்குவிசை நாலு மடங்கு.

கேள்வி: பின்னால் இழுத்துவிடும் காரும் தரையில் உரசிவிடும் காரும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. முன்னதில் ஆற்றல் சுருள்வில்லில் இருக்கிறது, பின்னதில் சுழலும் ஃப்ளைவீலில், அதாவது உள்ளே இருக்கும் கனமான சக்கரத்தில். பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம்: காரை இழுத்தோ உரசியோ முடித்ததும் சக்கரங்களைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். வில் கார் அப்போதும் ஓடும், ஃப்ளைவீல் கார் ஓடாது. பிரிப்பதானால் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த வில் சட்டென்று பாயும்.

கேள்வி: பெரிய பொறியியலுக்கு இதெல்லாம் உதவுமா?

பதில்: தாராளமாக. சரிவில் தானாக நடந்து இறங்கும் பொம்மை இருக்கிறதே, டாட் மெக்கீர் என்ற பொறியாளர் 1990-ல் வெளியிட்ட ஆய்வு அந்த வகை நடையைப் பற்றியதுதான். மோட்டார் இல்லாமல், ஈர்ப்பு விசையால் மட்டுமே கால்கள் மாறி மாறி நடக்கும் என்று காட்டினார், இரண்டு கால் ரோபோ செய்கிறவர்கள் அதைப் படிக்கிறார்கள்.