மாமியார் ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஒரு வீடே இருக்கு

கேள்வி: நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துலதான் (தொழிலாளர் வரிசை வீட்டுல) இத்தனை வருஷமும் இருந்தோம். வீட்டுக்காரர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகுறாரு. டவுனுக்குப் பக்கத்துல 60க்கு 90 அடி லோட் (மனை) ஒண்ணு வாங்கி வச்சிருக்கோம், ரோடு மேற்கால இருக்கு. மாடி வேணாம், 1,200 சதுர அடியில ஒரே தளமா கட்டலாம்னு பிளான் வரையக் குடுத்தோம், அது வந்த நாள்லேர்ந்து வீட்டுல சண்டைதான். அவருக்கு ஹால் பெருசா வேணும், எனக்குக் கிச்சன் பெருசா வேணும், அவரோட அண்ணன் வாஸ்து சரியில்லைங்கறாரு. 78 வயசு மாமியார் எங்ககூட இருக்காங்க, கம்பு ஊணித்தான் நடப்பாங்க. மகன் இன்னும் கல்யாணம் ஆகல, மக ஜொகூர்ல இருக்கா. பிளானை அனுப்பியிருக்கேன், ஹாலைக் குறைக்கலாமா சொல்லுங்க. பேரு போட வேணாம்.

பதில்: அக்கா, பிளானைப் பாத்தேன். ஹாலைக் குறைக்கலாம், தாராளமா குறைக்கலாம், ஆனா நீங்க மூணு பேரும் சண்டை போடுற விஷயம் எதுவும் இந்த பிளான்ல பெரிய தப்பு இல்ல. பெரிய தப்பு மாமியார் ரூம்ல இருக்கு, அதைப் பத்தி உங்க கடிதத்துல யாருமே வாய் தொறக்கல.

வீடு 30க்கு 40. மாமியாருக்கு முன்னாடி வடக்கு மூலையில ரூம் குடுத்திருக்கீங்க, பாத்ரூம் கிச்சனைத் தாண்டி வடகிழக்கு மூலையில கடைசியா இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க எந்திரிச்சா ஹாலைத் தாண்டி, நடையைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைச் சுத்தி, கிச்சன் ஈரத்தரையில நடந்து, அங்க ஒரு படி இறங்கி அப்புறம்தான் பாத்ரூம். கிட்டத்தட்ட முழு வீட்டையும் நடக்கணும், கம்போட. இது லயத்து வீட்டுப் பழக்கம் நமக்கு, முன்னாடி அஞ்சடி (வாசல் தாழ்வாரம்), நடுவுல ரூமு, பின்னால அடுப்படி, கக்கூஸ் அதுக்கும் அந்தாண்ட, அதையே சிமெண்டுல பெருசாக்கி வரைஞ்சு குடுத்திருக்காரு பிளான்காரர். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, நாம சொன்னதைத்தானே வரைவாரு.

சரி, என்ன செய்யலாம்னா, மாமியாரை முன்னாடியே விடுங்க, பின்னால தள்ளாதீங்க. போற வர்றவங்களைப் பாத்துக்கிட்டு அஞ்சடியில உக்காந்தே பழகுனவங்க, பின் ரூம்ல போட்டா ஒரே மாசத்துல சோந்து போயிடுவாங்க. பாத்ரூமை அவங்ககிட்ட கொண்டு வாங்க. வடக்குப் பக்கத்தை முழுசா ஒரே வரிசையா நினைச்சுப் பாருங்க, 12 அடி அகலம்: முன்னாடி மாமியார் ரூம், அதையொட்டி பாத்ரூம், அதோட முதுகுல இன்னொரு பாத்ரூம், அதுக்குப் பின்னால உங்க ரூம். ரெண்டு பாத்ரூமுக்கும் நடுவுல ஒரே சுவரு, பைப்பு எல்லாம் அந்தச் சுவத்துலயே போயிடும், காசும் மிச்சம். அந்த ஏரியாவுல பெரிய சாக்கடை லைன் இல்ல, செப்டிக் டேங்க்தான்னா அதையும் வடக்குப் பக்கம் வெளியிலேயே வைக்கலாம், ஆனா கழிவு உறிஞ்ச வர்ற லாரி பைப்பு எட்டுற இடமா பாத்து வைங்க, மேல டைல்ஸ் ஒட்டி மூடிட்டு அப்புறம் உடைக்கிற வேலை வேணாம்.

முன்னால பாத்ரூமா, வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு கேப்பீங்க. ஜன்னல் வடக்கால பக்கச் சுவத்துல இருந்தா ரோட்டுலேர்ந்து ஒண்ணும் தெரியாது. அந்த பாத்ரூமுக்கு ரெண்டு கதவு வைங்க, ஒண்ணு மாமியார் ரூம்லேர்ந்து, இன்னொண்ணு நடையிலேர்ந்து, விருந்தாளியும் போய்க்கலாம், கிச்சனுக்குள்ள நடக்க வேணாம். ஒரே தொல்லை என்னன்னா உள்ள போனவங்க ரெண்டு தாழ்ப்பாளும் போட்டுட்டு வரும்போது ஒண்ணைத் திறக்க மறந்துடுவாங்க, அதனால வெளியிலேர்ந்து காசு வச்சுத் திருப்புனா திறக்குற பூட்டு வாங்குங்க. கதவும் உள்பக்கமா திறக்கக் கூடாது, வெளிய திறக்கணும் இல்லன்னா இழுக்குற கதவா இருக்கணும். ஏன்னா உள்ள யாராவது விழுந்துட்டா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும், தள்ளவும் முடியாது.

பாத்ரூம் கதவு வழக்கமா ரெண்டரை அடிதான் போடுவாங்க, நீங்க 3 அடி கேளுங்க. இன்னிக்குக் கம்பு, நாளைக்கு வீல்சேர் வந்தா அது திரும்ப 5 அடி இடம் வேணும், அதையும் ஒரு பாத்ரூம்லயாவது விட்டு வைங்க. அந்தப் படி வேணவே வேணாம். தரையை ஒரே மட்டமா வச்சு, குளிக்கிற பக்கம் மட்டும் லேசா சரிவு குடுத்தா தண்ணி தானா ஓடிரும். ஆனா இதைக் கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடியே கொண்டிராக்டர்கிட்ட சொல்லணும், ஊத்துனதுக்கு அப்புறம் சொன்னா உடைச்சுத்தான் செய்யணும். அதே மாதிரி வாசல். மழைத் தண்ணிக்குப் பயந்து வீட்டை ஒன்றரை அடி ஒசத்துறாங்க, நல்லதுதான், ஆனா சாய்வுப் பாதை போடுறதுன்னா 1 அடி ஏற 12 அடி நீளம் வேணும், ஒன்றரை அடிக்கு 18 அடி. உங்க லோட்டுல முன்னால இடம் இருக்கு, கார் ஏறுற சரிவோட சேத்தே போட்டுடலாம்.

இப்ப ஹாலுக்கு வருவோம். 20க்கு 18 போட்டிருக்கு, 360 சதுர அடி. இதை 18க்கு 14 ஆக்குங்க, 252. சோபா, டிவி, சாமி மேடை எல்லாம் வந்தும் நடக்க இடம் இருக்கும். வீட்டுக்காரருக்கு இதை எப்படிச் சொல்றதுன்னா, தீபாவளிக்கும் காதுகுத்துக்கும் வர்ற கூட்டம் எந்த வீட்டுல ஹால்ல உக்காருது? எல்லாம் போர்ச்லயும் பந்தலுக்கு அடியிலயும்தானே. அதனால ஹாலுக்கும் போர்ச்சுக்கும் நடுவுல 8 அடிக்குத் திறக்குற கண்ணாடிக் கதவும் கிரிலும் போட்டு, போர்ச்சை வீட்டு அகலம் முழுக்க 30 அடிக்கு இழுத்துடுங்க. விசேஷம்னா காரை ரோட்டுல நிறுத்திட்டு கதவைத் திறந்தா ஹாலும் போர்ச்சும் ஒண்ணாயிடும், அவர் கேட்டதை விடப் பெரிய ஹால் கிடைச்சுடும். மாமியார் ரூமுக்கு முன்னால 10 அடி காருக்கு விடாதீங்க, அங்க ஒரு பெஞ்சு, அதுதான் அவங்க அஞ்சடி. இன்னொரு லாபமும் இருக்கு. வீடு மேற்குப் பாத்தது, மத்தியானம் மூணு மணிக்கு மேல வெயில் நேரா முன் சுவத்துல அடிக்கும், ராத்திரி பத்து வரைக்கும் சுவரு அனலா இருக்கும். அகலமான போர்ச் கூரை அதை மறைச்சுடும், ஏர்கோன் பில்லும் குறையும்.

கிச்சன் 8க்கு 10 போட்டிருக்கு, நீங்க கோவப்பட்டது நியாயம்தான். 1984 கட்டட விதிப்படி கிச்சன் 4.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அதாவது 48 சதுர அடி சொச்சம், அதுல பாத்தா உங்களது பெருசுதான்! அரிசி மூட்டையும் அம்மியும் கிரைண்டரும் வச்சு நெத்திலி சம்பல் வதக்கிப் பாத்தவங்க எழுதுன விதி மாதிரி எனக்குத் தெரியல. 10க்கு 14 ஆக்குங்க, தென்கிழக்கு மூலையிலேயே இருக்கட்டும். அண்ணன் சொல்ற அக்னி மூலையும் அதுதான், நான் வாஸ்து பாக்கறவ இல்ல, ஆனா இங்க அது சரியாவே வருது, காலையில வெயில் வந்து ஈரம் காயும், சாயங்காலம் சமைக்கும்போது வெயில் அந்தப் பக்கம் போயிருக்கும். ஈசானிய (வடகிழக்கு) மூலையில பாத்ரூம்னு அவர் ஆட்சேபிச்சதும் பாத்ரூமை நடுவுல நகத்துனதும் தானா தீந்துடுது, ஆக அவரையும் சமாதானம் பண்ணியாச்சு. படத்துல வர்ற மாதிரி ஹாலோட திறந்த கிச்சன் மட்டும் வேணாம், மிளகா வறுத்தா மாமியார் இருமியே ஓஞ்சுடுவாங்க. சுவரும் கதவும் இருக்கட்டும், கிழக்கால பெரிய ஜன்னல், பின்னால கூரை போட்ட ஒரு சின்ன இடம், மீன் கழுவ, துணி துவைக்க. கேஸ் தோம்பு (சிலிண்டர்) வெளிய.

நாலாவது ரூம் வேணாம். மகனுக்கு ஒண்ணு, மக வந்தா அதே ரூம்ல படுக்கட்டும், மகன் ஹால்ல மெத்தை போட்டுக்குவான், வருஷத்துல ஒரு வாரத்துக்காக 100 சதுர அடி கட்டி அதுல பழைய பெட்டியும் மெத்தையும்தான் அடுக்கப் போறோம். அந்த 100 அடியிலதான் நான் மேல சொன்ன கிச்சனும் பெரிய பாத்ரூமும் வரணும். ஜன்னல் மட்டும் குறைக்காதீங்க, விதிப்படியே தரைப் பரப்புல 10 சதவீதம் இருக்கணும், அதுல பாதியாவது காத்துக்குத் திறக்கணும், நம்ம ஊரு புழுக்கத்துக்கு அதுக்கு மேலயே வைக்கலாம்.

பிளான்காரர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் லோட்டுக்குப் போங்க, அண்ணனையும் கூட்டிக்குங்க. குச்சி அடிச்சு கயிறு கட்டி ரூமு, பாத்ரூமு, ஹாலு எல்லாம் சரியான அளவுல போட்டு, ஹால்ல நாலு நாற்காலி வச்சு வீட்டுக்காரரை உக்கார வைங்க. அப்புறம் மாமியாரை அவங்க ரூம்லேர்ந்து பாத்ரூமுக்கு நடக்கச் சொல்லுங்க, பழைய பிளான்படி ஒரு தடவை, புதுசுல ஒரு தடவை. மாத்துறது எல்லாம் மாஜ்லிஸுக்கு (உள்ளூர் கவுன்சிலுக்கு) பிளான் போறதுக்கு முன்னாடி மாத்திடணும், பாஸ் ஆனதுக்கு அப்புறம் மாத்துனா திரும்பப் பிளான் வரைஞ்சு திரும்ப சப்மிட் பண்ணணும். கட்டும்போது கொண்டிராக்டர்கிட்ட வாயால சொல்லி சுவத்தை நகத்துறதும் வேணாம், 2007லேர்ந்து குடியேறுறதுக்கான சிசிசியை (வீடு முடிஞ்சதுக்கான சான்றிதழை) பிளான் சப்மிட் பண்ண ஆளே கையெழுத்துப் போட்டுத் தர்றாரு, வீடு பிளான் மாதிரி இல்லன்னா அவரு எப்படிப் போடுவாரு?

திருத்துன பிளான் வந்ததும் ஒரு காப்பி அனுப்புங்க, பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு நானும் ஒரு தடவை பாத்துடறேன்.