அலுவலகத்தில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே மேசைக்கு ஓர் ஒழுங்குப் பெட்டி செய்ய முடியுமா?

முடியும். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஏ4 தாள் கட்டுகள் வந்த அட்டைப்பெட்டி, தீர்ந்துபோன பிரவுன் டேப்பின் இரண்டு வளையங்கள், ஒரு பைண்டர் கிளிப், கொஞ்சம் ஃபெவிகால் ஆகியவற்றைக் கொண்டு நானே செய்த பெட்டிதான் இரண்டு ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது.

இதைச் செய்யத் தூண்டியது ஒரு சீட்டு. அறுவடைக் காலத்தில் பழம் பறிப்பவர்களின் மூட்டைகளை மாலையில் எடை போட்டு, ஆளுக்கு ஒரு சீட்டாக எழுதி மேசையில் வைப்போம். இரவுக்குள் அவை கணக்கேட்டில் ஏற வேண்டும். ஒரு நாள் ஒரு சீட்டு ஸ்டாம்ப் பேடின் அடியில் ஒட்டிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அந்த அம்மா சன்னலருகே வந்து, “சார், நேத்து என் மூட்டைய எழுதினீங்களே, கணக்குல காணோமுங்க” என்றார். தேடி எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றாலும், ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு என் மேசையின் குப்பையில் கிடந்தது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, முதலில் பெட்டியை அல்ல, அதில் வைக்கப்போகும் பொருளை அளக்கச் சொல்வேன். எங்கள் சீட்டு, ஏ4 தாளை நான்காகக் கிழித்த துண்டு. ஏ4 என்பது 297 மி.மீ. நீளமும் 210 மி.மீ. அகலமும் கொண்டது, அதை இரு முறை மடித்துக் கிழித்தால் ஏறத்தாழ 148க்கு 105 மி.மீ. அளவில் துண்டு கிடைக்கும். விரல் நுழைய இடம் விட்டு, சீட்டுக்கான அறையை 15.5 செ.மீ. நீளம், 11.5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டேன். மற்ற அறைகளெல்லாம் இந்த ஓர் அறையைச் சுற்றித் தாமாகவே அமைந்துவிட்டன.

என் பெட்டியின் உள்ளளவு 31க்கு 22 செ.மீ. அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் கோடு போட்டு, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரால் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து வெட்டினேன். ஒரே வீச்சில் வெட்ட முயன்றால் அட்டை கிழியும், கையும் வழுக்கும். மேலே மிஞ்சிய சுவர்களிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் இரண்டு பட்டைகள் எடுக்க வேண்டும்: ஒன்று 31 செ.மீ., மற்றொன்று 22 செ.மீ. நீளம். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலையலையாக ஒரு தாள் ஓடுவதுதான் இந்த அட்டையின் பலம். அந்த அலைவரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி பட்டையை வெட்டுங்கள். படுக்கைவாட்டில் வெட்டினால் மேலிருந்து அழுத்தும்போது தடுப்பு எளிதில் நசுங்கிவிடும்.

நீளப் பட்டையில், ஒரு முனையிலிருந்து 15.5 செ.மீ. தள்ளி, மேலிருந்து 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பிளவு; குட்டைப் பட்டையில் 11.5 செ.மீ. தள்ளி, கீழிருந்து அதே ஆழத்துக்கு ஒரு பிளவு. பிளவின் அகலம் அட்டையின் கனத்தைவிட ஓர் இழை குறைவாக இருந்தால் இரண்டும் கூட்டல் குறியாக இறுகக் கவ்விக்கொள்ளும். அந்த இடத்தில் பசையே வேண்டாம். பட்டைகளின் முனைகள் பெட்டிச் சுவரைத் தொடும் இடத்தில் மட்டும் ஃபெவிகால் போதும். இப்போது நான்கு அறைகள். முன்னால் உள்ள பெரிய இரண்டில் ஒன்று சீட்டுகளுக்கு, அதன் பக்கத்தில் உள்ளது ஸ்டாம்ப் பேடுக்கு, இனி அது சீட்டின் மேல் உட்காராது. பின்னால் ஓர் அறை ஸ்டேப்ளருக்கும் பின் டப்பாவுக்கும்.

நான்காவது அறையில் பேனாக் குவளை. பிரவுன் டேப்பின் வளையம் 3 அங்குல உள்விட்டம் கொண்டது, 48 மி.மீ. அகல டேப்பாக இருந்தால், இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்போது ஏறத்தாழ 9.6 செ.மீ. உயரம் வரும். சாதாரணப் பந்துமுனைப் பேனா 14, 15 செ.மீ. இருப்பதால், எடுப்பதற்கு வசதியாக மூன்றில் ஒரு பங்கு வெளியே நிற்கும். கத்தரிக்கோலைப் போட்டாலும் சாயாது, ஏனெனில் அறையின் சுவர்கள் தாங்கிக்கொள்கின்றன.

சமவெளியில், சேலத்தில் இருப்பவர்களுக்கு இத்துடன் வேலை முடிந்தது. ஏற்காட்டில் அப்படியல்ல. சன்னலைத் திறந்தால் பனிமூட்டம் மேசை வரை வரும் ஊர் இது. நான் முதலில் செய்த பெட்டி ஒரே மழைக்காலத்தில் அப்பளம் நமத்ததைப் போல நமத்துப்போயிற்று. ஈரம் அட்டையின் முகப்பைவிட, வெட்டிய ஓரத்தில் திறந்திருக்கும் அலைவாய்கள் வழியாகத்தான் எளிதில் உள்ளே ஏறுகிறது. அதனால் வெட்டிய துண்டுகளை ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, ஃபெவிகால் பூசும் முனைகளைத் தவிர மற்ற ஓரங்களைப் பிரவுன் டேப்பால் மடித்து மூடிய பிறகே பொருத்தினேன். ஈர அட்டையில் டேப் நிற்காது. தண்ணீர் ஆவியானால்தான் ஃபெவிகால் இறுகும் என்பதால், ஓர் இரவு முழுவதும் அசைக்காமல் விட வேண்டும். அழகுக்காக வண்ணத்தாள் ஒட்டுவதை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் உரிவது அதுதான்.

பின்சுவரில் மாட்டிய பைண்டர் கிளிப்பின் கம்பிக் காது வழியாகக் கைப்பேசி சார்ஜர் கம்பி நிற்கிறது. சீட்டு அறையின் முன்சுவரில், டேப் வளையத்தை வைத்துக் கோடு போட்டு அரைவட்டமாக வெட்டியிருக்கிறேன். அடியில் படிந்த கடைசிச் சீட்டையும் அதன் வழியாக விரலால் இழுத்துவிடலாம். மாலையில் கணக்கு ஏற்றி முடித்ததும், அந்த அறையின் அடியை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.