16ஜிபி ராஸ்பெரி பை 5 வாங்கிக் குடுத்தா பையனுக்கு வேலை கிடைக்குமா?

வணக்கம் சார். பையன் ஈசிஇ மூணாவது வருஷம், சீனியர்கிட்ட வாங்குன 2ஜிபி ராஸ்பெரி பை 4 (ஒரே போர்டுல இருக்குற சின்ன கம்ப்யூட்டர்) கையில இருக்கு, அதுல முகத்த பாத்து அட்டெண்டன்ஸ் போடுற ப்ராஜெக்ட் ஓட்டுறான், ஸ்லோவா இருக்குன்னு சொல்லி பை 5 16ஜிபி, எஸ்எஸ்டி, கூலர்னு ஒரு லிஸ்ட நீட்டியிருக்கான், வாங்கிக் குடுத்தா வேலைக்கு உதவுமான்னு கேட்டிருந்தீங்க. போர்ட பாத்து யாரும் வேலை குடுக்க மாட்டாங்க சார். ஆனா போர்ட மாத்தணுமா வேணாமான்னு அவன் எத வச்சு முடிவு பண்றான், அத எம்பெடட் (மெஷினுக்குள்ள வச்சு ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர்) வேலை இன்டர்வியூல நோண்டி நோண்டி கேப்பாங்க. அதனால பணம் எடுக்குறதுக்கு முன்னாடி அவன அளந்து பாக்க சொல்லுங்க.

ஸ்லோன்னா எது ஸ்லோ? ப்ராசஸரா, ராமா, எஸ்டி கார்டா, இல்ல வெறும் சார்ஜரா? நெறைய பசங்க போன் சார்ஜர்லயும் மெல்லிசு கேபிள்லயும் தான் போர்ட ஓட்டுறாங்க, லோடு ஏறுனதும் வோல்டேஜ் இறங்கிடும், ஸ்கிரீன் ஓரத்துல ஒரு மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போகும், அத யாரும் கண்டுக்குறதே இல்ல. டெர்மினல்ல, போர்டு த்ராட்டில் ஆகுதான்னு, அதாவது தானா வேகத்த குறைச்சுக்குதான்னு பாக்குற கமாண்ட (vcgencmd get_throttled) அடிச்சா ஒரு நம்பர் வரும். 0 மட்டும்னா பிரச்சனை இல்ல, 50005-ன்னு முடிஞ்சா இந்த நிமிஷமே கரண்ட் பத்தாம போர்டு தன் வேகத்த குறைச்சுக்கிட்டு ஓடுது, 50000-ன்னா ஆன் பண்ணதுல இருந்து எப்பவோ ஒருதடவை அப்படி ஆகியிருக்கு. இதுக்கு மருந்து நல்ல அடாப்டர், புது போர்டு இல்ல.

அடுத்து, ப்ராசஸரும் ராமும் எவ்ளோ நிரம்பியிருக்குன்னு காட்டுற ஹெச்டாப்ப ஓட்டி பாக்கட்டும். ஸ்வாப் (ராம் நிரம்பி வழியுறத வைக்கிற எடம்) நெறைய ஓடுனா ராம் பத்தல. போர்டுலயே பிரவுசரையும் எடிட்டரையும் தொறந்து வச்சுக்கிட்டு கோடு எழுதுனா 2ஜிபி திணறத்தான் செய்யும், லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு, அதாவது நெட்வொர்க் வழியா போர்டுக்குள்ள போய் வேலை செஞ்சா அந்த திணறல் பாதி போயிடும். நாலு கோரும் நூறு சதவீதத்துல நின்னா தான் ப்ராசஸர் பேச்சு. அப்பவும் மொதல்ல கோட பாக்கணும், 1920க்கு 1080 படத்த 640க்கு 480 ஆக்குனா பிக்சல் கிட்டத்தட்ட ஏழுல ஒரு பங்காயிடும், ஒவ்வொரு ஃப்ரேமுலயும் முகம் தேடாம அஞ்சு ஃப்ரேமுக்கு ஒருதடவை தேடுனா போதும், வாசல்ல நிக்கிற ஆளு அதுக்குள்ள எங்கயும் ஓடிட மாட்டாரு. பைசா செலவில்லாம இவ்ளோ இருக்கு.

இதெல்லாம் பண்ணியும் பத்தலன்னா பை 5 நல்ல போர்டு தான், மறுக்கல. 2019ல வந்த பை 4ல கார்டெக்ஸ் ஏ72 கோர், 2023ல வந்த பை 5ல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற ஏ76, ரெண்டு மூணு மடங்கு வேகம் கிடைக்கும். ஆனா எதையெல்லாம் விட்டுக் குடுக்கணும்னும் பையன் சொல்லியிருக்கணும், லிஸ்ட்ல அது இல்ல. பை 4ல ஹெச்264 வீடியோவ என்கோட் பண்ண (சுருக்க) தனி ஹார்டுவேர் இருந்துச்சு, பை 5ல அத எடுத்துட்டாங்க, கேமரா வீடியோவ நெட்வொர்க்ல அனுப்பணும்னா அந்த வேலையும் ப்ராசஸர் தலையில தான் விழும். கேமரா கனெக்டர் 15 பின்ல இருந்து 22 பின்னுக்கு மாறிடுச்சு, பழைய கேபிள் சேராது. ஆடியோ ஜாக் கிடையாது. சென்சார், எல்இடி மாட்டுற ஜிபிஐஓ பின் எல்லாம் இப்ப ஆர்பி1-ன்னு ஒரு தனி சிப் வழியா போறதால, யூடியூப் பாத்து எழுதுன பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ லைப்ரரி கோடு அப்படியே ஓடாது, லைப்ரரிய மாத்தணும். ரிவ்யூக்கு ரெண்டு நாள் முன்னாடி போர்டு மாத்துறவன் மாட்டுறது இங்க தான்.

பவர் கதை தனி. பை 5 முழுசா ஓட 5 வோல்ட்ல 5 ஆம்பியர் வேணும். "எங்கிட்ட 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கே"ம்பான், ஆனா அந்த மாதிரி சார்ஜர் பெரும்பாலும் 5 வோல்ட்ல 3 ஆம்பியர் தான் குடுக்கும், மிச்ச பவர் எல்லாம் 9, 15, 20 வோல்ட்ல தான் வரும், அது இந்த போர்டுக்கு ஆகாது. 3 ஆம்பியர்ல போர்டு ஓடும், ஆனா யூஎஸ்பி போர்ட் எல்லாத்துக்கும் சேத்து 600 மில்லிஆம்பியர் தான் விடும், யூஎஸ்பில எஸ்எஸ்டி மாட்டுனா எந்திரிக்காமயே போகலாம். ஆக 27 வாட் அடாப்டரும் செலவுல சேரும். கூலர் மட்டும் லிஸ்ட்ல சரியா போட்டிருக்கான், 80 டிகிரில போர்டு வேகத்த குறைக்க ஆரம்பிச்சிடும், மே மாச ஹாஸ்டல் ரூம்ல அது ரொம்ப தூரம் இல்ல.

எஸ்எஸ்டிய பத்தியும் ஒண்ணு கேளுங்க. பை 5ல பிசிஐஇ கனெக்டர் (வேகமான எஸ்எஸ்டி, சிப் மாட்டுற எடம்) ஒண்ணே ஒண்ணு தான். அதுல எஸ்எஸ்டி மாட்டிட்டா, நாளைக்கு "ஏஐ சிப் மாட்டணும்"னு வந்து நின்னா எடம் இருக்காது, அந்த ஒரு கனெக்டர ரெண்டா பிரிக்கிற ஸ்விட்ச் சிப் வச்ச துணை போர்டு தேடணும். முகம் பாக்குற ப்ராஜெக்டுக்கு அந்த கனெக்டர எதுக்கு வச்சுக்கப் போறான்?

16ஜிபிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ராம் போர்டுலயே சால்டர் பண்ணது, அப்புறமா கூட்ட முடியாது, அதனால பெருசாவே வாங்கிடலாம்னு தோணும், புரியுது. ஆனா 2025 ஜனவரில 120 டாலருக்கு வந்த அந்த போர்டு, மெமரி சிப் விலை ஏறுனதால அதே வருஷ டிசம்பர்ல 145 டாலர் ஆயிடுச்சு, நம்மூர்ல வரியும் கடைக்காரர் லாபமும் அதுக்கு மேல. சாட்ஜிபிடி மாதிரி லாங்வேஜ் மாடல போர்டுலயே ஓட்டுறவங்களுக்கு 16ஜிபி வேணும். இவனுக்கு 4ஜிபி தாராளம். மிச்சமாகுற காசுல ஒரு இஎஸ்பி32, ஒரு எஸ்டிஎம்32 போர்டு (ரெண்டும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் குடுங்க, ஏன்னா எம்பெடட் வேலைன்னு போனா தெனமும் கையில வர்றது பெரும்பாலும் மைக்ரோகன்ட்ரோலரும் சி லாங்வேஜும் தான், பைத்தான்ல ஓப்பன்சிவி (படத்த அலசுற லைப்ரரி) மட்டும் தெரிஞ்சவன், சிப்பும் சென்சாரும் பேசிக்கிற ஐ2சி, எஸ்பிஐ பத்தி ஒரு கேள்வி கேட்டா முழிக்கிறான். லினக்ஸ் பக்கம் போகணும்னு ஆசை இருந்தா, பழைய பை 4க்கே பில்ட்ரூட்ங்கிற டூல வச்சு லேப்டாப்ல தனக்குன்னு ஒரு சின்ன லினக்ஸ் இமேஜ் பில்ட் பண்ணட்டும், டிவைஸ் ட்ரீய (போர்டுல என்னென்ன ஹார்டுவேர் இருக்குன்னு லினக்ஸுக்கு சொல்ற ஃபைல்) தொட்டு ஒரு சென்சார வேலை செய்ய வைக்கட்டும். அதுக்கு 2ஜிபி எதேஷ்டம். ராஸ்பெரி பைய உருவாக்குன எபன் அப்டனும் கூட இருந்தவங்களும் 2012ல இந்த போர்ட 35 டாலருக்கு விட்டதே, கேம்பிரிட்ஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வர்ற பசங்க கொறஞ்சு போனதால தான், கம்மி காசுல தைரியமா நோண்டட்டும்னு.

ரெஸ்யூம்ல "ராஸ்பெரி பை 5 தெரியும்"னு எழுதுனா ஒரு வரி வீண். "இதே பை 4ல செகண்டுக்கு இவ்ளோ ஃப்ரேம் வந்துச்சு, இதையிதை மாத்துனேன், இவ்ளோ ஆச்சு"ன்னு அவனே அளந்த நம்பரோட எழுதுனா, எதிர்ல உக்காந்திருக்குறவர் அடுத்த பத்து நிமிஷம் அத பத்தி தான் பேசுவாரு.

இந்த வாரம் மின்னல் குறி வருதா, அந்த நம்பர் என்ன, ஹெச்டாப்ல எது நிரம்பியிருக்கு, மூணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க சார். 50005 வந்துச்சுன்னா அடாப்டர் மட்டும் வாங்குங்க, போர்ட பத்தி அப்புறம் பேசிக்கலாம்.