காபி, கவனம், தூக்கம்: கேள்வி பதில்

மருந்தியல் கற்பித்து ஓய்வுபெற்ற மயிலாப்பூர் டாக்டர் ஒருவர் பதில் சொல்கிறார்.

மேடம், அண்ணா நகரில் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். மதியம் சாப்பிட்டதும் கண் சொக்குது. காபி குடிச்சா படிச்சது மண்டையில ஏறுமா?

அசதி தள்ளிப்போகும் தம்பி, அவ்வளவுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது மூளை செல்களில் தனக்கென்று இருக்கிற இடங்களில், அதாவது ஏற்பிகளில், போய் ஒட்டினால் தூக்கம் வரும். காபியில் இருக்கிற காஃபீன் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடினோசின் எங்கேயும் போய்விடாது. காஃபீன் இறங்கியதும் மொத்தமாக வந்து அழுத்தும். மாதிரித் தேர்வில் கவனம் சிதறாமல் உட்கார, சட்டென்று விடை குறிக்க காபி உதவும். புரியாத கணக்கைப் புரியவைக்காது. ரத்தத்தில் காஃபீன் உச்சத்துக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரமாகும். அதனால் குடித்த கையோடு இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்து படியுங்கள்.

ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட். விடிகாலை 4 மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி. 9 மணிக்குப் படுத்தா புரண்டுக்கிட்டே கிடக்கேன்.

குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதாவது நீங்கள் தலையணையில் தலை வைக்கும்போது பாதி டம்ளர் இன்னும் உள்ளே இருக்கிறது. ஷிஃப்ட் தொடக்கத்தில் குடியுங்கள், 1 மணிக்கு மேல் வேண்டாம். புகைபிடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் கரையும் என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்து யாரும் பற்றவைக்காதீர்கள்!

நான் நாலு மாச கர்ப்பிணி. வீட்ல சிக்கரி கலந்த பொடிதான். பரவாயில்லையா?

சிக்கரியில் காஃபீன் கிடையாதும்மா, நிறமும் திக்கும்தான். ஆனால் முதல் டிகாஷனிலேயே பெரும்பகுதி காஃபீன் இறங்கிவிடும், அதைக் குறைத்து ஊற்றுங்கள். ஒரு நாளைக்குக் காஃபீன் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டீயும் இந்தக் கணக்கில்தான் வரும். மாதம் ஏற ஏற காஃபீன் உடம்பில் தங்கும் நேரமும் கூடும்.

ஏகாதசி அன்னிக்கு காபியை விட்டா தலை வெடிக்கிறது, மாமி.

கடைசி காபி குடித்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும் வலி அது. கவனமும் மந்தமாகும். காலை டம்ளர் இறங்கினால்தான் மூளை ஓடுகிறது என்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்த ஏக்கம் தணிவதுதான். நாலைந்து நாள் முன்பிருந்தே அரை அரை டம்ளராகக் குறைத்து வாருங்கள்.

பத்தாவது படிக்கிற பையனுக்குப் பரீட்சை சமயத்தில் காபி கொடுக்கலாமா?

அவனை 10 மணிக்குத் தூங்கவிடுங்கள்.