விமானிகள் பற்றாக்குறை உண்மையா? ஓய்வுபெற்ற கேப்டனிடம் கேள்வி பதில்

கேள்வி: உலகம் முழுக்க பைலட் பஞ்சம் என்று செய்தி வருகிறது. என் அண்ணன் மகன் லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கிறான். எதை நம்புவது சார்?

பதில்: இரண்டையுமே நம்பலாம். லைசென்ஸ் கையில் வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சம் இல்லை, கேப்டன்களுக்குத்தான் பஞ்சம். பெரும்பாலான நாடுகளில் சுமார் 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைத்துவிடும். ஆனால் பயணிகள் விமானத்தில் உட்கார அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கென்று தனித் தகுதி, அதாவது டைப் ரேட்டிங் வேண்டும். அதன்பிறகும், பயிற்சி கொடுக்கத் தகுதி பெற்ற கேப்டன் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பல பயணங்கள் பறந்தால்தான் வலது சீட்டே, அதாவது துணை விமானி இடமே, உறுதியாகும். கேப்டன் உட்காரும் இடது சீட்டுக்குப் போக அதற்கப்புறமும் சில வருடங்கள் ஆகும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சி தரும் கேப்டன்கள் குறைவாக இருந்தால் ஒரு கம்பெனியால் புதியவர்களை நிறைய எடுக்க முடியாது. மேலே இருக்கும் பஞ்சமே கீழே வேலையின்மையை உண்டாக்குகிறது. உங்கள் அண்ணன் மகன் மாட்டிக்கொண்டிருப்பது அந்த இடத்தில்தான். அவர் திறமையில் குறை என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: 20 வருடத்தில் ஆறரை லட்சம் பைலட் வேண்டும் என்று போயிங்கே சொல்கிறதே?

பதில்: 2025 அறிக்கையில் அவர்கள் சொன்னது சுமார் 6,60,000. அது நாளைய தேவை பற்றிய கணிப்பு, இன்றைய காலியிடக் கணக்கு இல்லை. ஓய்வு பெறுபவர்களின் இடத்தை நிரப்புவதும் அதில் அடக்கம். விமானம் விற்கும் கம்பெனி, எதிர்காலத்தில் எவ்வளவு விமானம் பறக்கும் என்று எண்ணுகிறதோ அதை வைத்துப் போட்ட கணக்கு அது. அதைக் காட்டிச் சேர்க்கை நடத்தும் பயிற்சிப் பள்ளியிடம், போன வருடம் அங்கே முடித்தவர்களில் எத்தனை பேர் விமான நிறுவனத்தில் பறக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டிருக்கிறேன். பைலட் ஆக முடியுமா?

பதில்: கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு இருந்தால் முடியும். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் பெரிய சிக்கல். எதுவானாலும் முதலில் கிளாஸ் 1 மெடிக்கல் (கமர்ஷியல் விமானிகளுக்கான உடற்தகுதிச் சோதனை), அப்புறம் ஃபீஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் 1,500 மணி நேர விதிதான் பஞ்சத்துக்குக் காரணம், அதை எடுத்தால் பிரச்சினை தீரும் என்கிறார்களே?

பதில்: 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 என்ற விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானம் ஸ்டால் ஆகப் போகும்போது, அதாவது இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கப் போகும்போது, மூக்கைக் கீழே இறக்க வேண்டும், கேப்டன் மேலே இழுத்தார். அந்த விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால் 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயமானது. ராணுவ விமானிகளுக்கு 750, விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000 என்று சலுகை உண்டு. விதி வந்ததும் சிறு நகரங்களுக்குப் பறக்கும் பிராந்திய நிறுவனங்கள் திணறியது உண்மை. ஆனால் விதி மட்டும்தான் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: அந்த விபத்தில் இரண்டு பேருக்குமே 1,500-க்கு மேல் இருந்ததே! அப்படியானால் விதியே அர்த்தமில்லாதது. விமானிகள் சங்கங்கள் சம்பளத்தை ஏற்றப் பிடித்துக்கொண்டிருக்கிற கருவி.

பதில்: இருந்தது, மறுக்கவில்லை. ஒற்றை எஞ்சின் விமானத்தில் தெளிந்த வானத்தில் வட்டமடித்துச் சேர்த்த மணி நேரமும், சிமுலேட்டரில் ஸ்டாலைச் சரிசெய்து பழகிய மணி நேரமும் ஒன்றாகாது. தரம்தான் முக்கியம் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஐரோப்பாவில் 200 மணி நேரத்தில் வலது சீட்டுக்கு வருகிறார்கள், அங்கே பாதுகாப்பு மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே பயிற்சியின் ஒவ்வொரு கட்டமும் இறுக்கமாக இருக்கிறது. அந்த இறுக்கத்தைக் கொண்டுவராமல் எண்ணை மட்டும் குறைக்கச் சொன்னால் அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

சம்பளம் பற்றிச் சொன்னீர்கள். கோல்கன் துணை விமானி குறைந்த சம்பளக்காரர். நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பிராந்தியக் கிளைகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று உயர்த்தின. விதியைத் தொடாமலே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பஞ்சம் என்று கூவிய பலர், பழைய சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதைத்தான் வேறு விதமாகச் சொன்னார்கள்.

கேள்வி: அப்படியானால் பஞ்சமே பொய்யா?

பதில்: பொய் இல்லை, காலத்துக்குக் காலம் மாறும். 2020-ல் பெருந்தொற்றின்போது ஆயிரக்கணக்கான மூத்தவர்களை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பினார்கள், 2022-ல் ஆள் தேடினார்கள். 2024-ல் போயிங் விமானங்கள் தாமதமானதும் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் புதிய விமானிகள் சேர்க்கையை நிறுத்தி வைத்தது. பிராட் அண்ட் விட்னி கம்பெனி தயாரித்த எஞ்சின்களின் கோளாறால் விமானங்கள் தரையில் நின்றபோது பறக்க விமானம் இல்லாத விமானிகளும் இருந்தார்கள்.

விதி மாறினாலும் எண்ணிக்கை மாறும். 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ததே, அதற்கு ஒரு மாதம் முன்பு விமானிகளின் வேலை நேரம், ஓய்வு நேரம் பற்றிய புதிய விதி முழுமையாக அமலானது. வார ஓய்வு 36-லிருந்து 48 மணி நேரம், இரவுத் தரையிறக்கம் வாரம் ஆறிலிருந்து இரண்டு. விதி வருவது வெகு முன்பே தெரியும். களைத்துப்போன விமானியை வைத்து ரோஸ்டரை (பணிப் பட்டியலை) நிரப்புவதைப் பஞ்சத்துக்குத் தீர்வு என்று யாரும் சொல்லக் கூடாது.

கேள்வி: வலது கண்ணில் மைனஸ் 3. பைலட் ஆகலாமா? கடன் வாங்கிச் சேரலாமா?

பதில்: கண் பற்றிய கேள்விக்கு முன்பே பதில் சொல்லிவிட்டேன். கடனுக்கு: மெடிக்கல் சான்றிதழ் கையில் வருமுன் கையெழுத்துப் போடாதீர்கள். முழு ஃபீஸையும் மொத்தமாகக் கட்டாதீர்கள்.

கேள்வி: ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர் வேலை எப்படி?

பதில்: என் துறை இல்லை. ஒரு கண்ட்ரோலரிடம் கேளுங்கள்.

கேள்வி: மைனஸ் 4.5 இருந்தால்?

பதில்: மெடிக்கல். மெடிக்கல். மெடிக்கல்.

கேள்வி: ஓய்வு வயதை 67 ஆக்கினால் கேப்டன் பஞ்சம் தீருமா?

பதில்: கொஞ்சம் தள்ளிப்போகும். சர்வதேசப் பயணங்களுக்கு உலக வரம்பு 65. ஒரு நாடு தனியாக உயர்த்தினால் 66 வயதுக்காரர் உள்நாட்டுப் பயணத்துக்குத்தான் இறங்கி வர வேண்டும். பெரிய விமானம் ஓட்டியவரைச் சிறியதுக்கு மாற்ற மறுபடி டைப் ரேட்டிங், மறுபடி சிமுலேட்டர், மறுபடி ஒரு பயிற்சி கேப்டன். ஏற்கெனவே ஆள் இல்லாத இடத்திலேயே இன்னும் சுமை ஏறும். பயிற்சி தரும் கேப்டன்களை அதிகமாக்காமல் வயதை மட்டும் ஏற்றுவதில் பெரிய பலன் இல்லை.