தொழில்முனைவு கற்க வேலையை உதற வேண்டாம்

ஐயா, வணக்கம்.

மகள் இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கிறார், கோவையில் ஒரு பம்ப் நிறுவனத்தில் கேம்பஸ் தேர்விலேயே வேலை கிடைத்துவிட்டது, அதை விட்டுவிட்டுக் கல்விக் கடன் வாங்கித் தொழில்முனைவு, புத்தாக்கம் சார்ந்த எம்.பி.ஏ.வில் சேரப் பிடிவாதமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை அவர் சொந்தத் தொழில் தொடங்காவிட்டால் இந்தப் படிப்புக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலையும் நியாயம், அவர் ஆசையும் நியாயம். என் கருத்து இதுதான்: முதலில் அந்த வேலையில் சேரட்டும். தொழில்முனைவை அங்கேயே கற்கலாம், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டே.

ஓசூரைப் பாருங்கள். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூட்டாக 1984-ல் தொடங்கி, அங்கே தொழிற்சாலை அமைத்த டைட்டன் கடிகார நிறுவனம், 2002-ல் எட்ஜ் என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். இயந்திரத்தை மெலிய வைத்தால் போதாது, பேட்டரியும் மெலிய வேண்டும், கண்ணாடியும் உறையும் மெலிய வேண்டும், அப்போதும் உள்ளே தண்ணீர் புகக் கூடாது. ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கும் வேலை. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. செய்து முடித்தவர்கள் மாதச் சம்பளக்காரர்களான பொறியாளர்கள். அவர்களுக்குக் கருவிகள் இருந்தன, பின்னால் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய் இருந்தார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இறங்கியவர் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது கடினம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அப்படித்தான். கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸை இறக்குமதி விலைக்கு வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்க முடியாத நிலையில், 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே லென்ஸ் செய்தார்கள். மருத்துவமனைக்குள்ளிருந்து ஒரு தொழிற்சாலையே பிறந்தது.

உங்கள் மகள் சேரப்போகும் இடத்திலும் இதற்கு வாய்ப்பு இருக்கிறது. பம்ப் உறை, உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிய வார்ப்பாக வரும், அதை இயந்திரத்தில் செதுக்கிச் சீராக்கும் கடைசல் முடியும், பிறகு நீரழுத்தச் சோதனையில் சில உறைகள் கசியும். வார்ப்புக்குள் இருந்த நுண்துளை கடைசலுக்குப் பிறகுதான் வெளியே தெரியும். அதற்குள் இயந்திர நேரம், டூல் தேய்மானம், ஆள் கூலி எல்லாம் செலவாகிவிடும். கையில் மிஞ்சுவது ஸ்கிராப் விலை. பல இடங்களில் அந்த உறைகளை ஓரமாக அடுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர் அந்த அடுக்கின் முன் நிற்கட்டும். எந்த அச்சு, எந்த ஷிப்ட், உறையின் எந்தப் பக்கம் என்று ஒரு மாதம் நோட்டில் குறிக்கட்டும். ஓர் உறைக்கு எவ்வளவு நஷ்டம் என்று ரூபாயில் கணக்குப் போடட்டும். வார்ப்புப் பட்டறைக்கே போய் அங்குள்ள மூத்த தொழிலாளியிடம் கேட்கட்டும். காரணம் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும், அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு ஷிப்டுக்கு மட்டும் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்கட்டும். சிக்கலைக் கண்டுபிடிப்பது, செலவைக் கணக்கிடுவது, அதிகாரமில்லாமலே பிறரைச் சம்மதிக்க வைப்பது, சிறிதாகச் சோதிப்பது எல்லாம் இதில் அடங்கிவிடும். எம்.பி.ஏ. வகுப்பில் இதை வழக்காய்வாக (கேஸ் ஸ்டடி) படிக்கலாம், ஆனால் மேலாளர் முகம் சுளிக்கும்போது என்ன பேசுவது என்பது பட்டறையில்தான் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. கையெழுத்துப் போடும் முன் வேலை ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். பணிக்காலத்தில் கண்டுபிடிப்பது நிறுவனத்துக்கே சொந்தம் என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம். காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரைக் குறிப்பிடச் சட்டத்தில் இடமுண்டு. அதை அவர் கேட்டுப் பெற வேண்டும். வேலையிலிருந்து விலகிய பின் அதே துறையில் தொழில் தொடங்கக் கூடாது என்று ஏதாவது எழுதியிருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எல்லா நிறுவனங்களும் புது யோசனைக்குக் காது கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் முயன்றும் ஒரு சிறு சோதனைக்குக்கூட அனுமதி கிடைக்காவிட்டால், புதிய தயாரிப்பு மேம்பாட்டுப் பிரிவு உள்ள வேறு நிறுவனத்துக்கு மாறட்டும். அந்த நோட்டும் கணக்கும் நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அதிகம் பேசும்.

எம்.பி.ஏ. ஆசையை அணைத்துவிடாதீர்கள். இப்போதைக்கு ஐ.ஐ.டி.கள் இணையவழியில் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் தொழில்முனைவுப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இரண்டு ஆண்டு வேலைக்குப் பிறகும் சேர விரும்பினால், கல்லூரியில் அவரே கேட்கட்டும்: மாணவர்கள் எந்த நிறுவனங்களில், எத்தனை மாதம், என்ன சிக்கலில் வேலை செய்கிறார்கள்? தொழில் தொடங்காத பழைய மாணவர்கள் இன்று எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள்? அந்தப் பட்டியலைக் காட்டத் தயங்கும் கல்லூரிக்காகக் கடன் வாங்காதீர்கள்.